அப்புறம் ஒன்றுமில்லை

கதாநாயகனும் கதாநாயகியும் காதலிக்க ஆரம்பித்துவிட்டார்கள் என்ற கெட்ட செய்தி காலை ஒன்பதே காலுக்கு வந்தது.

"எப்போலேருந்து?" என்று டைரக்டர் போனில் கேட்டாள்.

"நேத்து ஒத்திகையிலேருந்து," என்றாள் கதாநாயகி. குரலில் தேன் சொட்டியது. "நீதானே சொன்ன, லிஃப்டுக்குள்ள ரெண்டு நிமிஷம் அவன் முகத்தைப் பார்க்காம நில்லுன்னு? பார்க்காம இருக்க இருக்க, பார்க்கணும்போல ஆயிடுச்சு."

"அடிப்பாவி, நான் எடுக்கிறது காதலே இல்லாத படம்!"

"தெரியும்டி. ஆனா நீ எங்களுக்கு எவ்வளவு பெரிய உதவி பண்ணியிருக்க தெரியுமா? உனக்கு ஏதாவது வாங்கிக் குடுக்கணும்னு ரெண்டு பேரும் பேசிட்டிருந்தோம்."

டைரக்டர் போனை மேஜைமேல் கவிழ்த்து வைத்தாள். அதன் முகத்தைப் பார்க்கவே அவளுக்குப் பிடிக்கவில்லை.

டைரக்டர் என்பது அவளுக்கு வீட்டில் வைத்த பெயரல்ல. ஆனால் மூன்று வருடங்களாக வீட்டிலும் அதுதான் பெயர். திரைப்படக் கலை படிக்கிறாள், இறுதியாண்டு. சாப்பாட்டுத் தட்டை மேஜையில் வைக்கும்போதுகூட ஒரு கண்ணை மூடிக்கொண்டு, அது ஃப்ரேமுக்குள் எங்கே உட்காரும் என்று பார்ப்பவளை வேறு எப்படிக் கூப்பிடுவது என்பது அவள் அப்பாவின் கட்சி.

ஆண்டு இறுதிக்கு விரிவுரையாளர் கொடுத்திருந்த வேலை இதுதான். ஏதாவது ஒரு வகைப் படத்தை எடுத்துக்கொள்ள வேண்டும். அந்த வகைக்கென்று இருக்கிற வழக்கங்களில் சிலவற்றைப் பயன்படுத்த வேண்டும், சிலவற்றை உடைக்க வேண்டும். படத்தின் தொடக்கம் மட்டும் போதும், மூன்று நிமிடம். விளக்கை அணைத்தால் பாதி வேலை முடிந்தது என்ற நம்பிக்கையில் வகுப்பில் பாதிப் பேர் பேய்ப் படத்தை எடுத்துக்கொண்டார்கள். டைரக்டர் எழுந்து நின்றாள்.

"நான் காதல் காமெடியை எடுத்துக்கிறேன் சார். ஆனா காதல் இல்லாம."

"அப்போ வெறும் காமெடியா?"

"காதலுக்கு எதிரா சார். ஒரு சொட்டுக் காதல்கூட இருக்காது. இருந்தா எனக்கு சைபர் போடுங்க."

வகுப்பு சிரித்தது. விரிவுரையாளர் சிரிக்கவில்லை. பேனாவைத் திறந்தார். "ஒரு சொட்டு இருந்தாலும் சைபர். எழுதிக்கிட்டேன்," என்றார்.

அவளிடம் நீல அட்டை போட்ட ஒரு நோட்டு இருந்தது. கன்டின்யூட்டி நோட்டு. ஒரு ஷாட்டில் சட்டையின் மேல் பட்டன் திறந்திருந்தால் அடுத்த ஷாட்டிலும் திறந்திருக்க வேண்டும். கையிலிருந்த பை அடுத்த நொடியே தோளுக்குத் தாவிவிடக் கூடாது. இதையெல்லாம் மறக்காமல் குறித்துவைக்கிற நோட்டு. தன் கண்ணிலிருந்து எதுவும் தப்பாது என்பதில் டைரக்டருக்குக் கொஞ்சம் கர்வமே உண்டு. அந்த நோட்டின் கடைசிப் பக்கத்தில் காதல் படங்களின் வழக்கங்களை எழுதி வைத்திருந்தாள். இருவரும் மோதிக்கொள்வது, காகிதங்கள் சிதறுவது, குனியும்போது தலையும் தலையும் முட்டுவது, லிஃப்டில் மாட்டிக்கொள்வது என்று போய், கடைசியில், 'சும்மா நடிக்கப் போய் நிஜமாகிவிடுவது' என்று முடிந்திருந்தது. அதற்கு எதிரே சிவப்பு மையில், 'உலகத்திலேயே பெரிய பொய்' என்று எழுதி இரண்டு கோடு இழுத்திருந்தாள்.

அந்தப் பெரிய பொய்தான் இப்போது போனில் தேன் சொட்டப் பேசியது.

படத்தின் பெயர் 'அப்புறம் ஒன்றுமில்லை'. ஒரு ஆணும் பெண்ணும் லிஃப்டைப் பிடிக்க ஓடிவந்து மோதிக்கொள்கிறார்கள். காகிதங்கள் சிதறுகின்றன. அவரவர் காகிதத்தை அவரவர் பொறுக்கிக்கொள்கிறார்கள். லிஃப்ட் ஐந்தாம் மாடிக்கும் ஆறாம் மாடிக்கும் நடுவே நின்றுவிடுகிறது. இதோ பேசப்போகிறார்கள், இதோ சிரிக்கப்போகிறார்கள் என்று பார்ப்பவர்கள் நாற்காலி நுனிக்கு வருவார்கள். உள்ளே இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் ஏறிட்டுக்கூடப் பார்ப்பதில்லை. லிஃப்ட் கிளம்புகிறது, கதவு திறக்கிறது, அவன் இடது பக்கம், அவள் வலது பக்கம். திரையில் பெயர் விழுகிறது.

எளிய படம்தான். இரண்டு பேர் சும்மா நின்றால் போதும். அந்த இரண்டு பேரால்தான் இப்போது சும்மா நிற்க முடியவில்லை.

அன்று மாலையே டைரக்டர் அவர்களைத் தன் வீடு இருக்கும் கட்டடத்தின் லிஃப்டுக்குள் நிறுத்தினாள். ஏழு மாடிக் கட்டடம், பழைய லிஃப்ட், உள்ளே நிற்க வசதியான இடம். கேமராவைப் பிடித்திருந்தவன் வகுப்புத் தோழன், ஃபோகஸ். எப்போதும் எதையாவது பார்த்து ஃபோகஸைத் தவறவிடுவதால் வந்த பெயர்.

"பல்வலியை நினைச்சுக்கோங்க," என்றாள் டைரக்டர்.

கதாநாயகன் பல்வலியை நினைத்தான். கதாநாயகி, "ஐயோ, பல் வலிக்குதா?" என்று அவன் கன்னத்தைத் தொட்டாள்.

"கட்!"

சண்டை மூட்டிவிட்டால் சரியாகிவிடும் என்று டைரக்டர் நினைத்தாள். அவனைத் தனியே கூப்பிட்டு, "நீ வாத்து மாதிரி நடக்கிறதா அவ சொன்னா," என்றாள். அவளைத் தனியே கூப்பிட்டு, "நீ பேசினா கதவு கீச்சுன்னு திறக்கிற மாதிரி இருக்குன்னு அவன் சொன்னான்," என்றாள். பலன் இருந்தது. நாலு நொடி இருவரும் முறைத்துக்கொண்டு நின்றார்கள். டைரக்டரின் நெஞ்சு பூரித்தது. ஐந்தாவது நொடியில் கதாநாயகன் தழுதழுத்தான்.

"வாத்துன்னா வாத்தாவே இருந்துட்டுப் போறேன். உனக்குப் பிடிச்சா போதும்."

"நான் வாத்துன்னு சொல்லவே இல்லையே!"

இரண்டு பேரும் மெதுவாகத் திரும்பி டைரக்டரைப் பார்த்தார்கள். முதல்முறையாக ஒருவரை ஒருவர் பார்க்காமல் மூன்றாவது ஆளைப் பார்த்தார்கள்.

"எங்களைப் பிரிக்கவா பார்த்த?" என்றான் அவன். கைகோத்துக்கொண்டு படியிறங்கிப் போய்விட்டார்கள். லிஃப்டில்கூடப் போகவில்லை.

"அருமையான ஷாட்," என்றான் ஃபோகஸ். "எடுத்திருக்கணும்."

அன்று இரவுச் சாப்பாட்டின்போது டைரக்டர் கன்னத்தில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எதிரே அப்பா. பக்கத்தில் அம்மா. நடுவில் தண்ணீர்க் கூஜா.

"உங்க அப்பாகிட்ட கூஜாவை இந்தப் பக்கம் தள்ளச் சொல்லு," என்றாள் அம்மா.

"உங்க அம்மாகிட்ட அதுல தண்ணியில்லைன்னு சொல்லு," என்றார் அப்பா.

இந்தத் தபால் வேலை டைரக்டருக்குப் பழகிப்போயிருந்தது. இன்றோடு பத்தொன்பது நாள். அம்மாவுக்குக் கண்ணாடிக் கடையில் வேலை. கண்ணை அளந்து, லென்ஸைத் தேய்த்து, ஃப்ரேமில் மாட்டிக் கொடுப்பதில் அந்தக் கடையில் அவளை மிஞ்ச ஆளில்லை. அப்பா லிஃப்ட் மெக்கானிக். இந்தக் கட்டடத்து லிஃப்டும் அவர் பொறுப்புதான். அவருடைய கண்ணாடியை அம்மாவே பார்த்துப் பார்த்துச் செய்து கொடுத்திருந்தாள். ஒரு காதின் பக்கம் பொடி ஸ்க்ரூ விழுந்துவிட்டது. அப்பா அம்மாவிடம் சொல்லவில்லை. வயருக்குச் சுற்றுகிற கறுப்பு டேப்பை எடுத்துச் சுற்றிக்கொண்டு, அதே கோலத்தில் அம்மாவின் முதலாளி வீட்டு விருந்துக்குப் போய் உட்கார்ந்துவிட்டார்.

"இது நம்ம கடைக் கண்ணாடியா?" என்று முதலாளி எல்லோர் முன்னாலும் கேட்டுவிட்டார்.

வீடு வந்ததும் அம்மா, "என் தொழில் மானமே போச்சு," என்றாள். அதோடு விட்டிருக்கலாம். அப்பா, "உங்க கடை ஸ்க்ரூ பத்து மாசம்கூட நிக்கலை. என் டேப் பத்து வருஷம் நிக்கும்," என்றார். அன்றிலிருந்து இருவரும் நேரடியாகப் பேசுவதில்லை. டேப்பும் கண்ணாடியில் அப்படியே இருந்தது.

டைரக்டர் இப்போது நிமிர்ந்தாள். ஒரு கண்ணை மூடினாள். ஃப்ரேமின் இடது ஓரத்தில் அப்பா, ஜன்னலைப் பார்த்துக்கொண்டு. வலது ஓரத்தில் அம்மா, தட்டைப் பார்த்துக்கொண்டு. நடுவில் காலிக் கூஜா. என்ன ஒரு காட்சி! இரண்டு வருடம் நடிப்புப் பயிற்சி கொடுத்தாலும் யாருக்கும் வராத முகங்கள்.

"அம்மா," என்றாள் மூச்சை அடக்கிக்கொண்டு, "என் படத்துல நடிக்கிறியா?"

"நானா? யார்கூட?"

"அப்பாகூட."

அம்மாவின் கை நின்றது. "அவரைப் பார்க்கணுமா?"

"பார்க்கவே கூடாது."

"அப்போ சரி."

டைரக்டர் அப்பா பக்கம் திரும்பினாள். வாயைத் திறக்குமுன் அவர், "பேசணுமா?" என்று கேட்டார்.

"ஒரு வார்த்தை கிடையாது."

"எழுதிக்கோ. நான் ரெடி."

ஞாயிற்றுக்கிழமை மதியம் இரண்டிலிருந்து நான்குவரைதான் லிஃப்டை நிறுத்திவைக்க முடியும். அப்போது கட்டடமே தூங்கும். 'பழுது பார்க்கப்படுகிறது' என்ற பலகையை அப்பா தரைத்தளத்தில் மாட்டினார். மாடிப்படிக்குக் கீழே தன் சின்ன அறையில் இருக்கும் காவலாளி, வருகிறவர்களைப் படியில் ஏறச்சொல்லித் திருப்பிவிடும் வேலையை ஏற்றுக்கொண்டார்.

"சாரும் அம்மாவுமா நடிக்கிறாங்க? பேசிக்கிறாங்களா அவங்க?" என்று அவர் டைரக்டரின் காதில் கேட்டார். கட்டடத்தில் அவருக்குத் தெரியாத விஷயம் கிடையாது.

"பேசிக்கலை. அதனாலதான் நடிக்கிறாங்க."

"அது சரி," என்றார் காவலாளி, எதுவும் புரியாமல்.

முதலில் மோதல். அப்பா வேகமாக வந்தார், அம்மா வேகமாக வந்தாள், மோதினார்கள், காகிதங்கள் பறந்தன. அம்மா எழுந்து, "கண்ணு தெரியலையா?" என்றாள். அது வசனத்தில் இல்லை. ஆனால் அவ்வளவு நிஜமாக இருந்தது. டைரக்டர் அதை வைத்துக்கொண்டாள்.

அப்புறம் லிஃப்டுக்குள். அப்பா பேனலைத் திறந்து சிவப்பு பட்டனை அழுத்தி, சரியாக ஐந்துக்கும் ஆறுக்கும் நடுவே வண்டியை நிறுத்தினார். ஒரு குலுங்கல்கூட இல்லை. இரண்டு நிமிடம் இருவரும் இரண்டு சுவர்களைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். மூலையில் ஒடுங்கிக்கொண்டு பார்த்த டைரக்டருக்கு மயிர்க்கூச்செறிந்தது.

மாலையில் கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தார்கள். மோதல் துல்லியமாக வந்திருந்தது. லிஃப்டுக்குள் அப்பாவும் அம்மாவும் இரண்டு புகைமூட்டங்களாக இருந்தார்கள். நடுவில் சிவப்பு பட்டன் மட்டும் பளிச்சென்று தெரிந்தது.

"அந்த பட்டன்மேல இருக்கிற கைரேகைகூடத் தெரியுது பார்," என்றான் ஃபோகஸ், கொஞ்சம் பெருமையாக.

டைரக்டர் அவனை வாசல்வரை துரத்தினாள். பிறகு மனது கேட்காமல், இருட்டத் தொடங்கும் நேரத்தில் பால்கனியில் நின்று அவனுக்கே போன் பண்ணினாள்.

"அடுத்த ஞாயிறு மறுபடி எடுக்கணும். அதுவரைக்கும் இவங்க சண்டை தாங்கணும், அதான் என் பயம். நடுவுல சமாதானம் ஆயிட்டாங்கன்னா என் படம் போச்சு. ஆமா, பெத்தவங்கதான்! அதுக்காக நான் சைபர் வாங்கணுமா? மூணு வருஷம் படிச்சிருக்கேன்டா. இது ஒண்ணுதான் நான் நானா எடுக்கிற படம். இது நல்லா வந்தாதான் எனக்கு இந்தத் தொழில் வரும்னு நானே நம்புவேன்." குரல் கம்மியது. "படம் முடியறவரைக்கும் அவங்க பேசிக்கக் கூடாது. அவ்வளவுதான்."

உள்ளே அப்பா பார்த்துக்கொண்டிருந்த டிவியின் சத்தம் யாரோ குறைத்ததுபோல் சட்டென்று அடங்கியிருந்தது. சமையலறையில் குழாயும் நின்றிருந்தது. டைரக்டர் அதைக் கவனிக்கவில்லை. அவள் கவனித்தது வானத்தின் நிறத்தை.

அந்த வாரம் சண்டை நன்றாகவே தாங்கியது. சொல்லப்போனால் முன்னைவிடக் காரமாக இருந்தது. "உங்க அப்பாகிட்ட சொல்லு, செருப்பை நடுவழியில விடறது மனுஷங்க பழக்கம் இல்லைன்னு," என்று அம்மா ஓர் அறையிலிருந்து கத்துவாள். "உங்க அம்மாகிட்ட சொல்லு, செருப்புக்குக் கண் இல்லை, கண்ணாடி போட்டு விடச் சொல்லுன்னு," என்று அப்பா இன்னோர் அறையிலிருந்து கத்துவார். டைரக்டர் நடுவில் நின்று ஆனந்தப்பட்டாள்.

ஒரு சின்ன இடைஞ்சல் மட்டும் இருந்தது. மாலையானால் வீட்டில் யாரும் இருப்பதில்லை. அப்பா குப்பையைக் கொட்டிவிட்டு வருகிறேன் என்று போனால் முக்கால் மணி நேரம். அம்மா பால் வாங்கப் போனால் அவளும் முக்கால் மணி நேரம். ஒருவரை ஒருவர் பார்க்கப் பிடிக்காமல் வீட்டைவிட்டே வெளியே போகிறார்கள் என்று டைரக்டருக்கு ஒரு கணம் பாவமாக இருந்தது. மறுகணம் அந்த வெறுமையான வரவேற்பறையை ஒரு கண்ணை மூடிப் பார்த்தாள்.

இரண்டாம் ஞாயிறு. அப்பா லிஃப்டுக்குள் போய் நின்றார். டைரக்டர் நீல நோட்டைத் திறந்தாள். அவரைப் பார்த்தாள். நோட்டைப் பார்த்தாள்.

"டேப் எங்கப்பா?"

"எந்த டேப்?"

"கண்ணாடியில சுத்தியிருந்த டேப்!"

அப்பா காதைத் தடவிப் பார்த்தார். டேப் இல்லை. அந்த இடத்தில் புத்தம்புது ஸ்க்ரூ ஒன்று கடுகுபோல் மின்னியது.

"அது... நானே ஸ்க்ரூ போட்டுட்டேன். லிஃப்டையே கழட்டி மாட்டறவன், இது போட மாட்டேனா?"

"யார் உங்களைப் போடச் சொன்னது? போன வாரம் மோதினப்போ டேப் இருக்கு. லிஃப்டுக்குள்ள வந்ததும் காணோம். பார்க்கிறவங்க என்ன நினைப்பாங்க? சுத்துங்க மறுபடி!"

அப்பா கருவிப்பையிலிருந்து டேப்பை எடுத்து அவசரமாகச் சுற்றினார். அவர் சுற்றுவதை அம்மா ஓரக்கண்ணால் பார்த்தாள். அவள் உதட்டோரம் லேசாக நெளிந்தது.

"அம்மா! உதடு!"

"பல்லுல ஏதோ மாட்டிக்கிச்சுன்னு உங்க அப்பாகிட்ட சொல்லு."

"அவர்கிட்ட எதுக்குச் சொல்லணும்?"

அம்மா திருதிருவென்று விழித்தாள். "யார்கிட்டயாவது சொல்லு," என்றாள்.

அந்த உதட்டைக் காவல் காப்பதிலேயே டைரக்டரின் கவனம் முழுவதும் போயிற்று. நாலு டேக் ஓடியது. நாலிலும் இரண்டு நிமிடம் நெருங்கும்போது அந்த உதடு நெளிந்தது. ஐந்தாவது டேக்குக்கு நேரமில்லாமல், மூன்றாம் மாடிக்காரர் ஒரு பீரோவோடு வந்து நின்றார். "பழுதுன்னு போர்டு. உள்ள பார்த்தா குடும்பமே நிக்குது!" என்று சத்தம் போட்டார். பீரோ ஏறியது. படம் இறங்கியது.

படம் சேர்க்க வேண்டிய நாள், வருகிற புதன்கிழமைக்கு அடுத்த புதன். மிச்சம் இருந்தது ஒரே ஒரு ஞாயிறு.

அந்த ஞாயிற்றுக்கிழமை, லிஃப்டுக்குள் இடம் தாராளமாக இருக்கட்டும் என்று டைரக்டர் தானே வெளியே நின்றுகொண்டாள். அப்பா, அம்மா, கேமராவோடு ஃபோகஸ், மூவரும் உள்ளே. கதவு மூடியது. வண்டி ஏறியது. நாலு, ஐந்து என்று விளக்கு எரிந்தது. பிறகு எல்லா விளக்கும் அணைந்தது.

"அப்பா, இப்பவே பட்டனை அமுக்கிட்டீங்களா?" என்று அவள் படிக்கட்டில் நின்று கத்தினாள்.

"நான் எதையும் தொடலை!" மேலே எங்கிருந்தோ அப்பாவின் குரல் வந்தது. "கரண்ட் போயிடுச்சு!"

டைரக்டர் ஆறாம் மாடிக்கு ஓடினாள். காவலாளியும் மூச்சிரைக்கப் பின்னால் ஓடிவந்தார். மெஷின் ரூமுக்குப் போய்க் கையால் சக்கரத்தைச் சுற்றி வண்டியை இறக்கலாம். அதைச் செய்யத் தெரிந்த ஒரே ஆள் வண்டிக்குள் இருந்தார். மெஷின் ரூம் சாவியும் அவர் சட்டைப்பையில் இருந்தது.

"கவலைப்படாதே பாப்பா," என்று உள்ளேயிருந்து குரல் கொடுத்தார் அப்பா. "அவசர விளக்கு எரியுது. போன மாசம்தான் பாட்டரி மாத்தினேன். ஒரு மணி நேரம் தாங்கும்!" மாட்டிக்கொண்ட ஆளின் குரல் அல்ல அது, பரிசு வாங்கியவரின் குரல்.

டைரக்டரின் கவலை விளக்கைப் பற்றியது அல்ல. ஒரு ஆண், ஒரு பெண், நின்றுபோன லிஃப்ட், மங்கலான வெளிச்சம். அவள் நோட்டின் கடைசிப் பக்கம் அப்படியே உயிர் பெற்று எழுந்து கதவுக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டிருந்தது. இரண்டு நிமிடம் தாங்கும் சண்டை இருபது நிமிடம் தாங்குமா? அவள் கதவின் இடுக்கில் வாயை வைத்தாள்.

"அப்பா! அம்மாகிட்ட எதுவும் பேசிடாதீங்க! அம்மா! அவர் பேசினாலும் நீ பதில் சொல்லாதே!"

ஆறாம் மாடி வீட்டுக் கதவு ஒன்று திறந்தது. தூக்கம் கலைந்த ஒரு பெரியம்மா எட்டிப் பார்த்தாள். "பெத்த பொண்ணு பேசற பேச்சா இது?" என்று கேட்டுவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

"பயப்படாதீங்க பாப்பா," என்றார் காவலாளி. "பேச மாட்டாங்க."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"இங்க பேச மாட்டாங்க," என்றார் அவர். உடனே எதையோ கடித்துக்கொண்டவர்போல் வாயை மூடிக்கொண்டு படியைப் பார்க்க ஆரம்பித்தார்.

இருபத்திரண்டாவது நிமிடம் கரண்ட் வந்தது. லிஃப்ட் ஆறாம் மாடிக்கு வந்து கதவைத் திறந்தது. அப்பா வெளியே வந்து இடது பக்கம் நடந்தார். அம்மா வெளியே வந்து வலது பக்கம் நடந்தாள். அந்த மாடியில் அவர்கள் வீடு இடது பக்கம்தான் இருந்தது. ஆனாலும் அவள் வலது பக்கம் நடந்தாள்.

ஃபோகஸ் கடைசியாக வந்தான். சட்டை தொப்பலாக நனைந்திருந்தது.

"பேசினாங்களா?"

"ஒரு வார்த்தை இல்லை. இருபத்திரண்டு நிமிஷம்! எனக்கே பொறுக்காம, நாமளே சமாதானம் பண்ணி வெச்சுடலாமான்னு தோணுச்சு."

"பண்ணலையே?"

"நீ கொன்னுடுவியேன்னு விட்டுட்டேன்."

"எடுத்தியா?"

"மொத்தமும்." அவன் கொஞ்சம் வெட்கப்பட்டான். "ஃபோகஸோட."

அவசர விளக்கின் நீல வெளிச்சத்தில் அந்தக் காட்சி அவள் கனவில் பார்த்ததைவிட நன்றாக இருந்தது. பதினாலாவது நிமிடத்தில் அம்மா முந்தானையால் நெற்றியைத் துடைக்கிறாள். அப்பா கூரையைப் பார்த்தபடியே அரை அடி தள்ளிப் போகிறார். காற்றுத்துளை இருந்த இடத்தை விட்டுவிட்டு மூலையில் ஒண்டிக்கொள்கிறார்.

"பார்த்தியா?" என்று டைரக்டர் கிசுகிசுத்தாள். "பக்கத்துல நிக்கக்கூடப் பிடிக்கலை. என்ன ஒரு வெறுப்பு!"

அந்த அரை அடியைச் சுற்றித்தான் மூன்று நிமிடப் படத்தையும் கட்டினாள். வாசல் மோதல் முதல் ஞாயிறு எடுத்தது, பட்டனை அழுத்துவது இரண்டாம் ஞாயிறு எடுத்தது, மற்றதெல்லாம் கடைசி ஞாயிறு எடுத்தது. புதன்கிழமை கொண்டுபோய்க் கொடுத்தாள்.

சனிக்கிழமை மாலை கல்லூரி அரங்கில் திரையிட்டார்கள். மாணவர்களின் வீட்டாரெல்லாம் வந்திருந்தார்கள். ஏழு பேய்ப் படங்களில் ஏழு கதவுகள் கீச்சிட்டன. எட்டாவது, 'அப்புறம் ஒன்றுமில்லை'. டைரக்டர் நடு நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். இடது பக்கம் அப்பா, வலது பக்கம் அம்மா.

திரையில் காகிதங்கள் சிதறியதும் அரங்கம் சிரித்தது. லிஃப்ட் நின்றதும், "ஓ..." என்று ஒரு கிண்டல் எழுந்தது. பிறகு அந்த மௌனம் நீள நீள, சிரிப்பு அடங்கி, யாரோ இருமினார்கள், யாரோ நகர்ந்து உட்கார்ந்தார்கள். அப்பா அரை அடி தள்ளிப் போன இடத்தில் பின்வரிசையில் ஒருவர், "ஐயையோ," என்றார். கதவு திறந்து இருவரும் இரண்டு பக்கம் போனதும் கைதட்டல் கூரையைத் தொட்டது.

அம்மா பக்கத்து நாற்காலிக்காரியின் தோளைத் தட்டினாள். "எடுத்தது என் பொண்ணு," என்றாள். அந்தப் பெண்மணி, "நீங்கதானே அதுல..." என்று ஆரம்பித்தாள். "அது கிடக்கட்டும். எடுத்தது என் பொண்ணு," என்று மறுபடி சொன்னாள் அம்மா. அப்பா கண்ணாடியைக் கழற்றி, துடைத்து, போட்டு, மறுபடி கழற்றினார்.

விரிவுரையாளர் மேடைக்கு வந்தார். கையில் அந்தப் பழைய தாள்.

"ஒரு சொட்டுக் காதல் இருந்தாலும் சைபர்னு எழுதி வெச்சிருந்தேன்," என்றார். "மூணு தடவை தேடிப் பார்த்தேன். ஒரு சொட்டு இல்லை. இவங்க நடிகர்கள் இல்லை, இவங்களுக்கு நடிக்கவே தெரியாது. அதுதான் இந்தப் படத்தோட பலம். தொண்ணூத்தாறு மார்க்."

டைரக்டருக்குக் கால் தரையில் பாவவில்லை. கீழே இறங்கியவரை ஓடிப்போய்ப் பிடித்தாள். "மீதி நாலு எங்க சார் போச்சு?"

"கன்டின்யூட்டி. மோதும்போது அந்த மனுஷன் கண்ணாடியில டேப் வலது பக்கம் இருக்கு. லிஃப்டுக்குள்ள இடது பக்கம். அப்போ டேப்புக்கு அங்க வேலையே இல்லைன்னு ஆகுதே. கவனிக்கலையா?"

கவனிக்கவில்லை. முதல்முறையாக அவள் கண்ணிலிருந்து ஒன்று தப்பியிருந்தது. ஆனால் தொண்ணூற்றாறின் மகிழ்ச்சியில் நாலு எங்கே உறுத்தப்போகிறது?

பஸ்ஸைவிட்டு இறங்கி மூவரும் நடந்தார்கள். அப்பா ஆறடி முன்னால், அம்மா ஆறடி பின்னால், நடுவில் கல்லூரியில் கொடுத்த சான்றிதழை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு டைரக்டர். திரும்பி அம்மாவைப் பார்த்தாள், முன்னால் அப்பாவின் முதுகைப் பார்த்தாள். தன் படத்துக்காக இந்த இரண்டு அப்பாவிகளை இத்தனை நாள் பேசவிடாமல் வைத்திருந்தோமே! இன்றைக்கே, வீட்டுக்குள் போனதுமே, இருவரையும் உட்காரவைத்துத் தானே சமாதானம் செய்துவைப்பது என்று முடிவு செய்தாள். முதலில் ஒரு நல்ல மௌனம். பிறகு அப்பாவின் கையை எடுத்து அம்மாவின் கையில் வைப்பது. காட்சி கண்முன் விரிந்தது. இதையும் தன்னால்தான் செய்ய முடியும் என்று நினைத்தபோது உள்ளூரப் பெருமையாகக்கூட இருந்தது.

கட்டட வாசலில், மாடிப்படியின் கடைசிப் படியில், காவலாளி முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இவர்களைக் கண்டதும் எழுந்தார்.

"பரிசு கிடைச்சுதா பாப்பா?"

"தொண்ணூத்தாறு அண்ணா! ஒரு சொட்டுக் காதல்கூட இல்லைன்னு மேடையில சொன்னாங்க!"

"அப்போ படம் முடிஞ்சுது? இனிமே எடுக்கறதுக்கு ஒண்ணும் பாக்கி இல்லையே?"

"இல்லை. முடிஞ்சே போச்சு."

காவலாளி நெடுமூச்சு விட்டார். அவளைத் தாண்டிப்போய் அப்பாவின் முன்னால் உள்ளங்கையை நீட்டினார்.

"அப்போ என் ரூம் சாவியைக் குடுத்துடுங்க சார்; மூணு வாரமா சாயங்காலமானா நீங்களும் அம்மாவும் உள்ள உட்கார்ந்து சிரிச்சுச் சிரிச்சுப் பேசறீங்க, நான் வெளியில படியில உட்கார்ந்து பாப்பா வருதான்னு காவல் காக்கறேன், இனிமேலாவது உங்க வீட்டுலயே பேசிக்கக் கூடாதா?"